வளவு துப்புரவாக்கும்போது கடதாசிகளை எரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய நாற்சார் வீடு விலைப்பட்டது. உரித்துக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு கிழமை நின்றார்கள். தளபாடங்களைச் சொந்தக்காரருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கிணற்றடிக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தச் சொல்லியிருந்தார்கள். புகையைக் கண்டு நான் படலையைத் திறந்துகொண்டு போனபோது பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. ஒரு கணக்குக் கொப்பி, கரை கருகிய மூன்று கல்வெட்டுப் புத்தகங்கள், ஒரு பள்ளிக்கூட வகுப்புப் படம், இவ்வளவுதான் கைக்கு வந்தன. நெருப்பு வைத்த பொடியனில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அது குப்பையல்ல என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து நடந்தபோது, அந்த ஐயா ஒரு றங்குப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, நாவற்குழிப் பாலத்தால் உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது பெட்டியும் திரும்பி வந்தது. அந்தப் பெட்டியில் இருந்தவைதான் இப்போது எரிந்தவை. அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

முதலில் கல்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லில் வெட்டியதை நான் சொல்லவில்லை. ஒருவர் காலமானால் 31ஆம் நாள் வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். தேவாரமும் புலம்பற் பாட்டும் இருக்கும், படம் இருக்கும். வாங்கி வந்து அலுமாரிக்கு மேல் போட்டுவிடுகிறோம். ஆனால் அதன் நடுப்பக்கங்களில் வம்ச வழி இருக்கிறது. இன்ன ஊரில் பிறந்தவர், இன்ன ஊரில் மணமுடித்தவர், மலாயாவில் எத்தனை வருடம் உத்தியோகம் பார்த்தவர், எந்தக் கோயில் மடத்தைக் கட்டுவித்தவர் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஊர்ப் புலவர் ஒருவரின் செய்யுள் அச்சேறிய ஒரே இடம் இந்தப் புத்தகமாகவே இருக்கலாம். ஓர் ஊரின் நூறு கல்வெட்டுகளை ஒன்றாக அடுக்கினால் அந்த ஊரின் சரித்திரமே எழுதலாம். நான் காப்பாற்றிய மூன்றில் ஒன்றில், எங்கள் வாசிகசாலைக்குக் காணி எழுதிக்கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. வாசிகசாலையில் இன்று இருப்பவர்களுக்கே அது தெரியாது.

பழைய காணி உறுதிகளும் அப்படித்தான். காணி விற்றாயிற்று, புது உறுதி முடிந்தாயிற்று, இனிப் பழையது எதற்கு என்று கேட்கிறார்கள். நொத்தாரிசு எழுதிய அந்தத் தாளில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கலட்டி, புலம், தறை, பனையடைப்பு என்று முடியும் அந்தப் பெயர்களை வாசித்தால், இன்று மதிலும் மாடியுமாக இருக்கும் இடத்தில் அன்று என்ன இருந்தது என்று தெரியும். நாலு எல்லையிலும் யார் யார் இருந்தார்கள், கிணற்றுப் பங்கு எத்தனை, வழிவாய்க்கால் எப்படிப் போனது என்பதும் அதில் உண்டு. ஒல்லாந்தர் தங்கள் வரிக்காகத் தோம்பு என்ற காணிப் பதிவேட்டை எழுதினார்கள். 1707இல் எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையையும் எழுத்தில் தொகுப்பித்தார்கள். இன்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவற்றைத்தான் தேடிப் போகிறார்கள். எங்கள் ஆட்கள் தங்கள் கையால் எழுதி வைத்ததோ அடுப்புக்குப் போகிறது.

யாழ்ப்பாணத்தின் பழைய சரித்திர நூலான யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மயில்வாகனப் புலவர் அதை எழுதியபோது கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்ற நாலையும் துணைக்கொண்டதாகச் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. முதல் இரண்டும் இன்று எங்கள் கையில் இருக்கின்றன. உலாவும் இராசமுறையும் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் கடைசிப் பிரதி இருந்திருக்கும். செல்லரித்ததோ, மழையில் ஊறியதோ, துப்புரவாக்கும்போது போனதோ! பிரதி பண்ணப்பட்டது தப்பியது, ஒற்றைப் பிரதியாகக் கிடந்தது போயிற்று.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட 1981ஐ நாங்கள் மறக்கவில்லை. அப்போது நான் உயர்தர வகுப்பு மாணவி. 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் ஓர் இரவில் போயின. வேறெங்கும் பிரதியில்லாதவையும் அவற்றோடு போயின என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத துக்கம். அந்த நூலகத்தின் தொடக்கமே ஒரு வீடுதான். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்த புத்தகங்களை அயலாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியதில்தான் அது முளைத்தது. ஆகவே எங்கள் வீட்டில் என்ன இருக்கப்போகிறது என்று ஒருவரும் சொல்ல வேண்டாம்.

2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும், கல்வெட்டுகளையும்கூட, மின்வடிவில் சேர்த்து யாரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறது. பெரிய காரியம். ஆனால் அவர்களால் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஏற முடியுமா? ஊர்தோறும் ஒரு வரலாற்றுக் கழகம் வேண்டும். அதற்குக் கட்டடம் தேவையில்லை. சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பூட்டுள்ள ஓர் இரும்பு அலுமாரி, யார் எதைத் தந்தார் என்று எழுத ஒரு பதிவுக் கொப்பி, ஒரு ஸ்கானர் போதும். மூலத்தைத் தர விருப்பமில்லாதவர்கள் பிரதி எடுக்கவிட்டுத் திரும்பக் கொண்டுபோகலாம். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். ஓர் அலுமாரிக்குக் கொடுக்க மாட்டார்களா? பாடசாலைகளும் கவனிக்க வேண்டும். நான் படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில், பழைய வரவுப் பதிவேடுகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் வெள்ளையடிப்பதற்காக வெளியே எடுக்கப்பட்டு மாரி மழையில் கிடந்தன. ஒருவரும் உள்ளே தூக்கி வைக்கவில்லை.

கடதாசியைப் பேணப் பெரிய செலவு வராது. துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்ட வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். லமினேற் பண்ணவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, நிலத்திலும் சுவரிலும் படாமல் வைத்தால் சரி. ஓலை ஏடு இருந்தால் நீங்களாகக் கழுவவோ வெயிலில் காயவைக்கவோ போகாதீர்கள். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசிப் பதப்படுத்தத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். படங்களின் பின்பக்கத்தில், பேனையால் அல்ல, பென்சிலால், அழுத்தாமல் மெதுவாக, யார் யார், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். அதை இன்றைக்கே செய்யுங்கள், அம்மம்மா இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அப்புறம், ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, வாசகர் வீடுகளில் உள்ள ஒரு பழைய படத்தையோ கடதாசியையோ வெளியிடுங்கள். தொடக்கத்துக்கு, நெருப்பிலிருந்து எடுத்த அந்த வகுப்புப் படத்தின் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். முதல் வரிசையில் இருக்கும் ஆசிரியர்கள் மூவரையும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அடையாளம் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நாலாவதாக, இரட்டைப் பின்னலோடு நிற்கும் பிள்ளையை மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கள் வாசகர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சண்டிலிப்பாய்.