கிணற்று மண்

மார்ச் 11

அன்புள்ள மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம்.

இங்கே பதநீர் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கியிருக்கிறது. மே மாதம் நீ வரும்போது கையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா பார்சல் போடாமல் வைத்திருக்கிறாள். ரயில் டிக்கெட் இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் கொடுக்கிறார்களாம். மே இரண்டாவது வாரம் என்றால் இந்த வாரமே போட்டுவிட வேண்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் என்றால் பூனாவில் ஏறி மாறாமல் வந்துவிடலாம். திருநெல்வேலி ஸ்டேஷனில் நான் வந்து நிற்பேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து போனதிலிருந்து நீ பேசுவது குறைந்துவிட்டது. வேலை இருக்கும், தெரியும். அம்மா கேட்டால் குட்டி தூங்குகிறாள் என்கிறாயாம். சாயங்காலம் ஆறு மணிக்கா தூங்குவாள்? சரி, அதை விடு.

உன் கட்டுரை அச்சில் வந்ததை மேலவீட்டு அத்தை மகன் செல்லில் காட்டினான். பிரிண்ட் எடுத்து வாங்கி மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த ஆதிமனிதரின் கல் கருவிகளில் ஒரு வகை சுமார் 3,85,000 ஆண்டுப் பழையது என்று ஒரு வரி வருகிறது. பழைய இங்கிலீஷ் பைபிளின் ஓரத்தில் சிருஷ்டிப்புக்குக் கி.மு. 4004 என்று அச்சடித்திருக்கும், நீ பார்த்திருக்கிறாய். அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி வெகுநேரம் முழித்திருந்தேன். ஆனாலும் தலைப்புக்குக் கீழே உன் பேரைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்றை நீ மறக்கக்கூடாது. ஒன்பது வயதில் 119ஆம் சங்கீதம் 176 வசனத்தையும் சபையில் நின்று தட்டாமல் சொன்ன பிள்ளை நீ. உன் தமிழும், ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பழக்கமும் நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் வந்ததுதான். டிவி வாங்கவில்லை, லைப்ரரிப் புத்தகத்தைக்கூட அப்பா பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது. நல்லதுக்குத்தான் செய்தேன். ஜெபத்தை மட்டும் விட்டுவிடாதே. குட்டியை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போ. அங்கே தமிழ் ஆராதனை இருக்கும், விசாரித்துப் பார்.

ஆனால் நீ காலேஜ் முதல் வருஷம் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினது நினைவில் இருக்கிறதா? உன் பரீட்சைத் தாளில், 'பாடத்தில் உள்ளது எல்லாம் சரி, நீ என்ன நினைக்கிறாய் என்பதை எழுதவில்லையே' என்று உங்கள் மிஸ் குறித்திருந்தார். "அப்பா, எனக்கு ஒண்ணுமே தோணல. என்ன நினைக்கணும்னு யாராவது சொன்னா எழுதிருவேன்" என்று அழுதாய். எனக்கு அன்று அது பெருமையாக இருந்தது. கீழ்ப்படிந்து வளர்ந்த பிள்ளை என்று அம்மாவிடம் சொன்னேன். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லை என்றால் அது யார் செய்த வேலை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

33 வருஷம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினவன் நான். பரிணாமப் பாடம் வரும்போது, "மார்க்குக்கு எழுதுங்க, மனசுல ஏத்திக்காதீங்க" என்பேன். எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னேனோ. உனக்கும் சொன்னேன்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. நீ அதைப் பேச்சில் எடுத்ததே இல்லை.

உனக்குப் பன்னிரண்டு வயது. ஐப்பசி மழை விட்டிருந்தது. குதிரைமொழித் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில், தண்ணீர் ஓடின தடத்தில் பொறுக்கினேன் என்று ஜாமெட்ரி பாக்ஸில் ஏழு கல் கொண்டுவந்தாய். நாலு பால் மாதிரி வெள்ளை, மூன்று காவி. சுண்டுவிரல் நகம் அளவு கல் ஒன்றை எடுத்துப் பனை ஓலையைக் கீறிக் காட்டினாய். பிளேடு போட்ட மாதிரி கீறியது. "அப்பா, இது தானா உடைஞ்சது இல்ல. யாரோ வேணும்னே உடைச்சிருக்காங்க. எத்தனை வருஷம் இருக்கும்?" என்றாய். பாக்ஸை வாங்கிக் கல்லையெல்லாம் கிணற்றில் கொட்டினேன். உன்னை முட்டிபோட வைத்து, ஆறு நாள் சிருஷ்டிப்பைச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னேன். நீ அழவில்லை. மூன்றாம் தடவை குரலே எழும்பவில்லை.

மகளே, அது என்ன கல் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பாளையங்கோட்டையில் நான் டிரெயினிங் படித்தபோது எங்கள் விரிவுரையாளர் ஒருவர் பஞ்சு வைத்த டப்பாவில் அதே மாதிரிக் கல் கொண்டுவந்து எல்லார் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பழங்கால மனிதர் செதுக்கின கருவிகள், நம் தேரியில் கிடைத்தவைதான், இதைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் என்று இரண்டு பேர் 1956இலேயே எழுதியிருக்கிறார்கள் என்றார். பல ஆயிரம் வருஷம் என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் மனதைப் போகவிடவும் இல்லை. பிறகு நீ அதே கல்லைக் கொண்டுவந்து, நான் கேட்காமல் விட்டதைக் கேட்டாய். பயந்துபோய்த்தான் கொட்டினேன். நீ கோபம் என்று நினைத்திருப்பாய்.

பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்ற வசனத்தை நம் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களுக்குக் கோபமூட்டாதிருங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை ஒருநாளும் உங்களுக்கு வாசித்துக் காட்டினதில்லை. உன் அம்மா ஊர்க் கோயிலைக் கட்டின மிஷனரி கால்டுவெல் ஐயரே கொற்கையில் குழி தோண்டிப் பார்த்து எழுதினவர். மண்ணைத் தோண்டினதால் அவர் விசுவாசம் போய்விடவில்லை. அந்த இடையன்குடிக் கோயிலில் கல்யாணம் பண்ணினவன், நீ ஏழு கல் பொறுக்கினதைத் தாங்கவில்லை.

கிறிஸ்துமஸ் ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். ஜெபம் முடிந்ததும் குட்டி, "தாத்தா, சூரியன் நாலாம் நாள்தான வந்துச்சு? அப்போ முதல் மூணு நாளும் சாயங்காலம் எப்படி ஆச்சு?" என்றாள். இப்படிக் கேட்கிற பிள்ளையை ஆண்டவருக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளை. அவள் முகம் போன போக்கை நீயும் பார்த்தாய். நீ ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். மறுநாளே கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு நம் சபைப் போதகர் ஐயரிடம் திருச்சபை வரலாற்றுப் புத்தகங்களை வாங்கிப் படித்தேன். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜென் என்ற கிறிஸ்தவ வேத அறிஞர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். சூரியனும் சந்திரனும் நட்சத்திரமும் இல்லாமல் முதல் மூன்று நாள் இருந்தது என்று புத்தியுள்ள யார் நினைப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். விசுவாசத்துக்காகச் சிறையில் வதைபட்ட மனிதர் அவர். ஓய்வுநாள் பள்ளியில் இத்தனை வருஷம் பாடம் எடுத்த எனக்கு இது தெரியவில்லை. குட்டியிடம் இதைச் சொல்லு. இல்லை, நானே சொல்கிறேன், போனைக் கொடு.

மே மாதம் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அவளை அனுப்பச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. அவளுக்கு இஷ்டம் இருந்தால் போகட்டும். எனக்கு ஆசை இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

போன மாதம் கிணற்றைத் தூர் வாரினோம். மண்ணை வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லி வேப்பமரத்தடியில் கொட்டச் சொன்னேன். தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சலிக்கிறேன். இடுப்பு வலிக்கிறது என்று அம்மா சத்தம் போடுகிறாள். இதுவரை இரண்டு கல் கிடைத்திருக்கிறது, ஒன்று வெள்ளை, ஒன்று காவி. தானாக உடைந்ததா, உடைத்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் பஞ்சு வைத்துப் போட்டிருக்கிறேன். மண் இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது.

டிக்கெட்டை இந்த வாரமே போட்டுவிடு. குட்டிக்கு ஜன்னலோரம் கிடைக்கிற மாதிரிப் பார்.

அன்புடன்,
அப்பா