மண்ணும் சொல்லும் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், பெற்றோருக்கும், வெளியூரிலிருந்து மூட்டை கட்டி அனுப்பியவர்களுக்கும்,

வணக்கம். டிசம்பர் 5, உலக மண் நாளன்று நம் பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வைத்த மண் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, நிறையப் பேர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனீர்கள். அன்றைக்கே மறுத்திருக்க வேண்டும். வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுக்கிற அவசரத்தில் முடியவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் இருந்த மண்ணில் ஒரு பிடிகூட என்னுடையது இல்லை. சுவரில் ஒட்டியிருந்த சொற்களில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டுச் சொற்கள்.

நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து 23 பிள்ளைகள். ஆவணியில் பாடத்தைத் தொடங்கியபோது, மணல், வண்டல், களி, மட்கு, தாய்ப்பாறை என்று கரும்பலகையில் எழுதிப் பக்கத்தில் பொருளும் எழுதி, பார்த்து எழுதச் சொன்னேன். அழகாக எழுதினார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. 'மட்கு' மட்டும் நின்றிருந்தது. அதுவும் "போடா மட்கு" என்று ஒருவனையொருவன் கேலி பண்ணுவதற்கு. நான் அதட்டப் போகும்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், குப்பைக்குழி எரு நல்லா மக்கிருச்சுன்னு எங்க ஆச்சி சொல்லும். அந்த மக்கா?" என்றாள்.

அந்த மக்கேதான். அன்று சாயங்காலமே எல்லோரும் அந்த ஆச்சி வீட்டுக் கொல்லைக்குப் போனோம். ஆச்சி மண்வெட்டியால் குழியை ஓரமாக வெட்டிக் காட்டினார். மேலே வேப்பிலை இலையாகவே கிடந்தது. ஒரு சாண் கீழே நரம்பு மட்டும் மிச்சம். அடியில் கறுப்பாக, சாண நாற்றம் கொஞ்சமும் இல்லாமல், விரலில் எடுத்தால் உதிர்கிற பொடி. "இதான் எரு. மேல கெடக்கிறது இன்னும் குப்பை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கரும்பலகையில் ஆறு வரி எழுதியிருந்தேன். ஆச்சி, உங்களுக்குத்தான் முதல் நன்றி. அன்றிலிருந்து வகுப்புச் சுவரில் இரண்டு தாள் ஒட்டினோம். ஒன்றில் புத்தகச் சொல், இன்னொன்றில் வீட்டுச் சொல்.

தெற்குத் தெருவில் புதுவீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய அண்ணாச்சிக்கும் கொத்தனாருக்கும் அடுத்த நன்றி. "வானம் மேலதானே இருக்கு, எதுக்குத் தோண்டணும்?" என்று ஒருவன் கேட்க, "மேல இருக்கிறது சாமி தோண்டினதுடா" என்றார் கொத்தனார். கயிறு கட்டிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வேலையை அரை மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். கூலி ஆளோடு அரை மணி நேரம் என்றால் அது சும்மா இல்லை என்பது எனக்குத் தெரியும். மேலே இரண்டரை அடிக்குக் கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் பதிந்த மண், அதற்கும் கீழே கடப்பாரை 'ணங்' என்கிற பாறை. மேல்மண், அடிமண், தாய்ப்பாறை மூன்றையும் அந்தக் குழிச்சுவரே சொல்லிவிட்டது. சத்துணவு அக்கா கொடுத்துவிட்ட எலுமிச்சம்பழத்தைச் சுக்கான் கல்லில் பிழிந்தோம். நுரைத்துக்கொண்டு வந்தது. "சோடா, சோடா!" என்று ஒரே கூச்சல். கல்லில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, புளிப்பு பட்டதும் கரியமில வாயு கிளம்புகிறது என்று சொன்னேன். அதற்கப்புறம் ஒரு வாரம் தெருவில் கிடந்த கல்லுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். வீட்டில் பழம் காணாமல் போனதற்கு நான்தான் பொறுப்பு. மன்னியுங்கள்.

நம் தூத்துக்குடி மாவட்டம் மண் பாடத்துக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. வடக்கே நம் கரிசல். தெற்கே சாத்தான்குளம் பக்கம் பனையும் முள்ளுமாகச் சிவந்து கிடக்கும் தேரி, அதாவது செம்மணல் மேடு. ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணி கொண்டுவந்து போட்ட ஆற்று வண்டல், நெல்லும் வாழையுமாக. கிழக்கே உப்பளம். இந்த நாலும் நம் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தது உறவுக்காரர்கள் தயவில். தேரி மண் மூட்டையோடு நான் பஸ் ஏறியபோது கண்டக்டர் அண்ணன், "என்ன டீச்சர், அரிசியா?" என்றார். மண் என்றேன். "நம்ம ஊர்ல இல்லாத மண்ணா!" என்று சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார். ஆனால் இறங்கும்போது மூட்டையைத் தானே தூக்கிவந்து திண்ணையில் வைத்தார். அண்ணே, அது இருபது கிலோ. நன்றி.

சத்துணவு அக்கா காலி ஊறுகாய் பாட்டில் ஐந்து தந்தார். பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், மூடிக் குலுக்கி ஜன்னலில் வைத்தோம். தேரி மண் நாங்கள் நூறு எண்ணுவதற்குள் அடியில் உட்கார்ந்துவிட்டது. கரிசல் பாட்டில் மறுநாள் தெளிந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். தெளியவில்லை. நாலாம் நாளும் டீத்தண்ணி மாதிரியே நின்றது. தினமும் காலையில் வருகைப்பதிவுக்கு முன்னால் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இன்னும் தெளியல டீச்சர்" என்று அறிக்கை. அந்தத் தோல்வியில்தான் களித்துகள் என்றால் எவ்வளவு சிறிசு என்று சொல்ல வாய்த்தது. மணலில் பெரிய துகள் 2 மில்லிமீட்டர். களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. தசமம் அவர்களுக்குப் புரியாது. அதனால் களித்துகளைக் கடுகு அளவுக்கு ஊதினால் அந்த மணல் நம் வகுப்பறைக் கதவு உயரம் வரும் என்றேன். எல்லோரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள்.

அப்புறம் பானை செய்கிற வேளார் தாத்தா. அழைத்ததும் கூலியை விட்டுவிட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பிள்ளைகளை விட்டே மண்ணை மிதிக்கச் சொன்னார். ஈரக் கரிசலை விரலிடுக்கில் நசுக்கித் தள்ளினால் நாடா மாதிரி நீளும், தேரி மண் உருண்டைகூடப் பிடிக்காது என்று ஒவ்வொருவர் கையிலும் வைத்துக் காட்டினார். "இவ்வளவு பசை இருக்கே, கரிசல்ல பானை செய்யலாமா தாத்தா?" என்று கேட்டதற்கு, "காயுறதுக்குள்ள வெடிச்சிரும். உங்க காட்டைப் பாக்கலியா?" என்றார். தண்ணீர் குடித்து உப்பி, காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிற களி அது. அந்த வெடிப்பில் மேல்மண் விழுந்து உள்ளே போவதால், தன்னைத்தானே உழுதுகொள்கிற மண் என்று கரிசலைச் சொல்வதும் அதனால்தான். பானைக்குக் குளத்துக் களியும் மணலும் கலந்துதான் எடுப்பாராம்.

அவரோடு எனக்கு ஒரு சண்டையும் வந்தது. மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகளுக்குப் புத்தகம் 'வண்டல்' என்று பேர் வைத்திருக்கிறது. தாத்தா ஒப்பவில்லை. "குளத்துல படிஞ்சது அத்தனையும் வண்டல். அதுல மணலும் இருக்கும், களியும் இருக்கும்." யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில்தான் தெளிவு. துகளுக்கும் மண்ணுக்கும் ஒரே பேர் வைத்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? சரி என்று சுவரில் 'வண்டல் துகள்', 'குளத்து வண்டல்' என்று இரண்டாகப் பிரித்து எழுதினோம்.

மண் வள அட்டையைக் கொண்டுவந்து கொடுத்த அப்பாவுக்கும் நன்றி. தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) என்று மூன்று சத்தையும் பிள்ளைகள் அதில்தான் முதலில் படித்தார்கள். கார அமில நிலை 8.2 என்று இருந்தது, கரிசலுக்கு இது வழக்கம்தான். சாம்பல் சத்து என்றால் அடுப்புச் சாம்பலா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், அதில் அது இருக்கிறது.

கார்த்திகை மழையில் ஒரு நாள் நான் ஜன்னலைச் சாத்தாமல் போய்விட்டேன். மறுநாள் வந்தால் சாக்குகளில் ஒட்டிய சீட்டெல்லாம் மை கரைந்து வெள்ளைத் தாளாகக் கிடந்தன. கண்காட்சிக்கு இரண்டே நாள். பிள்ளைகள் என்னைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு சாக்கிலும் கையை விட்டு, நனைத்து, உருட்டி, நாடா இழுத்து, புதுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டார்கள். உப்பள மண்ணை ஒருவன் நாக்கில் வைத்தே பார்த்தான். மண்ணை வாயில் வைக்காதே என்று நூறு தரம் சொல்லியிருக்கிறேன். ஆற்று வண்டலையும் குளத்து வண்டலையும் மட்டும் மாற்றி ஒட்டியிருந்தார்கள். தாத்தா வந்து பார்த்துவிட்டுத்தான் அது திருந்தியது.

அம்மாக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கரிசல் கறை போகாது. மூன்று மாதம் ஒருவர்கூடப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சத்தம் போடவில்லை.

இரவல் வாங்கியவை: கொத்தனாரின் சல்லடையைத் திங்கட்கிழமை கொடுத்தனுப்பிவிட்டேன். தாத்தாவின் வாளி கழுவித் தயாராக இருக்கிறது. சத்துணவு அக்கா, ஐந்து பாட்டிலில் ஒன்று உடைந்துவிட்டது, மூன்று உங்கள் அலமாரியில் இருக்கின்றன. கரிசல் பாட்டிலை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஜன்னலிலேயே வைத்துக்கொள்கிறோம். எடுக்கப் போனால் பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள்.

அன்புடன்,
நாலாம், ஐந்தாம் வகுப்பு டீச்சர்