அரசு நிறுவனத்துக்கு வெளியே கியூபத் திரைப்படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கியூபத் திரைப்படம் என்றாலே குமரி மாவட்டத் திரை ஆர்வலர்களாகிய நாம் இன்றும் அறுபதுகளின் புரட்சிக்காலப் படங்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். 1959-இல் தொடங்கப்பட்ட அரசுத் திரைப்பட நிறுவனமே பல்லாண்டுகள் தயாரிப்பையும் விநியோகத்தையும் கையில் வைத்திருந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்து கியூபாவுக்கான அதன் உதவி நின்றதும், அந்நிறுவனம் ஸ்பெயின் முதலிய நாடுகளுடன் கூட்டுத் தயாரிப்பை நாட வேண்டியதாயிற்று. பின்னர் மலிவான டிஜிட்டல் கேமராக்கள் வந்ததும் இளைஞர்கள் அந்நிறுவனத்துக்கு வெளியே நின்றே படமெடுத்தனர். அவர்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்ததோ 2019-இல்தான் (எத்தனை தாமதம்!). ஆயினும் தணிக்கையும் அரசின் தலையீடும் ஓயவில்லை. 2023-இல் ஓர் ஆவணப்படத்தை அதை எடுத்தவரின் இசைவின்றி அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியதை எதிர்த்துத் திரைக்கலைஞர்கள் தங்களுக்கெனப் பேரவை ஒன்றை அமைத்தனர். நாகர்கோவிலில் திரையிடல் நடத்துவோர் இப்புதியவர்களின் படங்களையும் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை.