எங்கள் ஊர் டிவியையும் வரலாற்றில் சேருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டில் தொலைக்காட்சி வளர்ந்த கதையைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 1975 ஆகஸ்ட் 15ல் சென்னை தூர்தர்ஷன், அப்புறம் ஒரே தாவாகத் தாவி 1993ல் சன் டிவி, அதோடு தனியார் சேனல்கள் பெருகிய கதை. சென்னைக்காரர்களுக்கு அது சரியாக இருக்கலாம். திருநெல்வேலிச் சீமையில் டிவி வந்த வழியே வேறு. இங்கே வீட்டுக்கு வீடு ஓடிய உள்ளூர் கேபிள் சேனல்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டவுனில் அப்படி ஒரு சேனலில் பல வருஷம் கேமரா தூக்கியவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னை நிலையத்தின் அலை இவ்வளவு தூரம் எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி என்ற அரசு டிவி தொடங்கிய பிறகுதான் தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கமெல்லாம் மாடிகளில் நெடுநெடுவென்று குழாய் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். பூஸ்டர் மாட்டி, கடலைப் பார்க்கத் திருப்பி வைத்து, ஒருத்தர் மேலே நின்று குழாயைத் திருக, கீழே இருப்பவர் "தெரியுது, தெரியுது, ஏ போச்சு" என்று கத்த, அந்தப் புள்ளி புள்ளிப் படத்தில் கிரிக்கெட்டும் தமிழ் நிகழ்ச்சியும் பார்த்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. பிறகு கொடைக்கானல் நிலையம் வந்ததும் அதே ஆன்டெனாக்கள் வடக்கே திரும்பின, வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு போடும் ஒளியும் ஒலியும் எங்களுக்கும் கிடைத்தது.

தொண்ணூறுகளில் டிஷ் வந்தது, கரண்டுக் கம்பம் விட்டுக் கம்பம் கேபிள் ஓடியது. 1995 கேபிள் சட்டப்படி ஆபரேட்டர்கள் தலைமைத் தபால் நிலையத்தில்தான் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது, தெரியுமா? அப்படிப் பதிந்தவர்களில் பலர், காலியாக இருந்த ஒரு சேனலில் வீடியோ கேசட் ஓட்டும் விசிஆரை இணைத்து முதலில் சினிமா போட்டார்கள், அப்புறம் ஊர்ச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடை விளம்பரம். கண்ட்ரோல் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடியில் ஒரு அறை, இரண்டு விசிஆர், அதன் படத்தைக் கேபிளில் ஒரு சேனலாக ஏற்றும் மாடுலேட்டர் ஒன்று, ஒரு மேஜை விசிறி. விழாவை எடுத்த கையோடு கேசட்டை டிவிஎஸ் 50யில் கொண்டுவந்து சேர்த்தால் ராத்திரிக்குள் ஊரே பார்த்துவிடும்.

அந்தக் கேசட்டுகளில் என்ன இருக்கிறது என்பதைத்தான் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வாகையடி முக்கில் திரும்புவதை ஒவ்வொரு வருஷமும் அதே மாடியிலிருந்து எடுத்திருக்கிறோம், தேரோடு சேர்ந்து ரத வீதியின் வீடுகளும் கடைகளும் மாறிக்கொண்டே வந்தது அதில் பதிவாகியிருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்காக இடித்துக் கட்டுவதற்கு முந்தைய ஜங்ஷன் பேருந்து நிலையம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், கோயில் கொடைகள், அதாவது ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாக்கள். சுடலைமாடன் கோயில்களில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு, மகுடம் என்ற தோல்வாத்தியம் அடித்து ஆடும் கணியான் கூத்து. கணியான் கூத்தெல்லாம் இந்தத் தென்கோடியை விட்டால் வேறெங்கே பார்க்க முடியும்? எந்தப் பெரிய சேனல் அதை முழு ராத்திரியும் உட்கார்ந்து எடுத்தது?

1999 ஜூலை 23ஐயும் சொல்ல வேண்டும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்குப் பிறகு தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. அன்று ஆற்றுக்குள் நடந்ததை வெளியுலகம் கண்ணால் பார்த்ததே அங்கே நின்ற கேமராக்களால்தான். ஊர்க் கேமரா எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதை விட வேறு பதில் வேண்டாம்.

செட்டாப் பாக்ஸ் வந்து, 2017ஓடு பாக்ஸ் இல்லாமல் ஓடிய பழைய அனலாக் கேபிளுக்குக் கெடு முடிந்ததும் சிறிய சேனல்கள் பலவற்றால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆபரேட்டர்கள் கடையை ஏறக்கட்டினார்கள். கேசட்டுகள் பரணிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியிலும் கிடக்கின்றன. புதுக் கேசட்டின் விலைக்கு அஞ்சி அழித்து அழித்து மேலேயே எடுத்ததில் பாதி அன்றைக்கே போய்விட்டது, மிஞ்சியதில் இப்போது பூஞ்சை.

சில மாதம் முன்பு ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். "அப்பா பாடுன கொடை கேசட்டு ஏதும் கெடக்கா அண்ணாச்சி?" அவருடைய அப்பா வில்லுப்பாட்டுக்காரர், காலமாகி நாளாகிவிட்டது, குரல் எங்கேயும் பதிவில் இல்லை. தேடியதில் ஒரு கேசட் கிடைத்தது, மூடியைத் தூக்கினால் டேப்பின் ஓரம் முழுக்க மாவு தூவினாற்போல் வெள்ளை. திருகுகளைக் கழற்றி, பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். படம் கிழிந்து கிழிந்து வந்தது, குரல் மட்டும் கணீரென்று வந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் போயிருந்தால் அதுவும் இல்லை.

விசிஆர் தயாரித்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாப் பதிவுகளை எல்லாம் 2025க்குள் மாற்றிவிடுங்கள், பிறகு ஓட்டிப் பார்க்க மெஷினும் இருக்காது, ஆளும் இருக்காது என்று யுனெஸ்கோவின் பெயரில் 2019லேயே எச்சரிக்கை வந்தது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது. மூன்று மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற மூன்று மணி நேரம்தான் ஆகும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆகவே இது தனி ஆள் வேலையே இல்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் மையம் இருக்கிறது, அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவர்கள் ஓர் அறையும் நாலு மாணவர்களையும் ஒதுக்கினால் பழைய ஆபரேட்டர்களே கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தங்கள் உழைப்பு ஆக்கர் கடைக்கு, பழைய சாமானாகப் போவதை யாரும் விரும்பவில்லை.

ஆசிரியர் அவர்கள் இந்த விஷயத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை படிந்த கேசட்டை அப்படியே விசிஆரில் போடாதீர்கள், பூஞ்சை டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்து போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். பரணிலிருந்து இறக்கி, புத்தகம் அடுக்குவது மாதிரி நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். ஓடுகிற விசிஆர் ஒன்று என்னிடம் இருக்கிறது, துடைத்து ஏற்றித் தர நான் தயார்.

இப்படிக்கு,
பழைய கேபிள் சேனல் கேமராக்காரர் ஒருவர்,
திருநெல்வேலி டவுன்