குழி வெட்டுமுன் வாட்டம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் வேலூர், காட்பாடி பக்கம் வீட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீருக்கு எல்லோரும் சொல்லும் ஒரே மருந்து, 'ஒரு குழி வெட்டி ஜல்லி கொட்டிவிடுங்கள்' என்பதுதான். வாட்டமும் (தரையின் சாய்வும்) பார்க்காமல், மண்ணும் பார்க்காமல் வெட்டிய குழி மறு வருடம் கொசுத்தொட்டி ஆகிவிடுகிறது.

முதலில் வாட்டம். கடைக்கால் (அஸ்திவாரம்) கட்டி முடித்ததும் ஓரத்தில் தள்ளி மூடும் மண்ணை யாரும் சரியாக இடிப்பதில்லை. இரண்டு மழையில் அது அமுங்கிச் சுவரை ஒட்டியே வாய்க்கால் போல் பள்ளம் விழும். அங்கே தேங்கும் நீர்தான் ஓதமாகச் சுவரில் ஏறிப் பெயிண்டைப் பொரிய வைக்கிறது. பெயிண்டை மாற்றிப் பயனில்லை. அந்த மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும். சுவரிலிருந்து வெளிப்பக்கம் மண் தரைக்கு 10 அடிக்கு 6 அங்குலம், சிமெண்ட் தரைக்கு 10 அடிக்கு 2 அங்குலம் இறக்கம் தேவை.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. 30 அடி டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற குழாய்) குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை பேஸ்மெண்ட் ஓரத்திலும் மறுமுனையை காம்பவுண்டு ஓரத்திலும் பிடித்து, நீர்மட்டத்திலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளக்கவும். காம்பவுண்டு பக்க அளவு கூடுதலாக இருந்தால் நீர் வெளியே ஓடும். குறைவாக இருந்தால் சுவரைத் தேடி வரும். டியூபில் ஒரு குமிழி நின்றாலும் அளவு பொய்யாகிவிடும். வாட்டம் தப்பிய முற்றத்தில் பேவர் பிளாக் பதித்தால், முன்பு மண் குடித்த நீரும் சேர்ந்து சுவரோரம் வந்து நிற்கும்.

அடுத்தது மாடித் தண்ணீர். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் இறங்கும். 5 சென்டிமீட்டர் பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல். 500 சதுர அடிக்கு ஒரு 4 அங்குல பைப் வைத்து, எல்போ போட்டுச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். பைப் வாயைக் கடைக்கால் மேலேயே விட்டுவிடுவதுதான் நம்மூரில் அதிகம் காணும் தவறு.

குழியின் கணக்கையும் பார்ப்போம். 3 அடி அகலம், 10 அடி ஆழமுள்ள வட்டக் குழி 2,000 லிட்டர் பிடிக்கும். அதில் முழுக்க ஜல்லி கொட்டினால் மிஞ்சுவது 800 லிட்டர்தான். எனவே துளையிட்ட சிமெண்ட் உறை இறக்கி, வெளிச்சுற்றிலும் அடியிலும் மட்டும் ஜல்லி போட்டு, உள்ளே காலியாக விட்டு, மேலே மூடி போடுவதே சரி. குழிக்கு முன்னால் ஒன்றரை அடி சதுரத்தில் வண்டல் தொட்டி கட்டி, வெளிப்போகும் பைப்பை அடியிலிருந்து அரை அடி உயரத்தில் வைத்தால் மண் அதிலேயே தங்கிவிடும். கடைக்காலிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளியே குழி வெட்டவும்.

வெட்டுமுன் மண்ணைச் சோதியுங்கள். ஒன்றரை அடிப் பள்ளம் தோண்டி நீர் ஊற்றி, அது முழுக்க இறங்கியதும் மறுபடி ஊற்றவும். ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அந்த இடத்தில் குழி வேண்டாம். ஏரிக்களிமண் மனைகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. அங்கே நீரை வெளியே கொண்டுபோவது ஒன்றே வழி. பாலாற்றங்கரை மணலில் குழி நன்றாக உறிஞ்சும். ஆனால் 2021 நவம்பர் போல ஆறு நிரம்பி ஓடும் நாட்களில் நிலத்தடி நீர் மேலேறிக் குழி அடியிலிருந்தே நிரம்பும். அதற்கென்று ஒரு வழிந்தோடி பைப் விட்டே ஆக வேண்டும்.

மலையடிவார வீடுகளின் சிக்கல் வேறு. பாறை மேல் மண்ணுக்கடியில் கசிந்து வரும் நீரை வீட்டுக்கு மேல்புறமே மறிக்க வேண்டும். ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, துளையிட்ட 4 அங்குல பைப்பை 8 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டத்தில் வைத்து, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடவும். துளைகள் கீழ்நோக்கி இருந்தால்தான் நீர்மட்டம் ஏறத் தொடங்கியதுமே பைப்புக்குள் புகும். துணியை மிச்சப்படுத்தினால் செம்மண் கரைந்து ஜல்லியை அடைத்துவிடும்.

மழைநீரைப் பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இணைக்கவே கூடாது. மழை வலுத்தால் கழிவு குளியலறை வழியாக எதிர்த்து வரும்.

வீட்டுக்காரர் கையில் இல்லாதது தெருவின் உயரம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். தெருத் தெருவாக அதைக் கடைப்பிடிக்க வேண்டும். புதிய மழைநீர் வடிகால் கட்டும்போது அதன் சுவரில் வீட்டுக்கொரு 4 அங்குலத் துளையும், வீட்டு முற்றத்தைவிடத் தாழ்ந்த மட்டத்தில், அப்போதே விட்டுக் கட்டவும் கேட்டுக்கொள்கிறேன். பிறகு உடைத்துச் சொருகும் பைப்பின் ஓரம்தான் முதலில் கசிகிறது.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.