அக்டோபர் 2 கிராம சபை: நம்ம தெருப் பிள்ளைகள் எல்லாரும் வாங்க

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

வருகிற அக்டோபர் 2 காலை நம் ஊரில் கிராம சபை. வருடத்தில் வழக்கமாக 6 நாள் இது நடக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாருமே உறுப்பினர்தான். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை.

போன தடவை போயிருந்தேன். நம் வயதில் மூன்று பேர்கூட இல்லை. தீர்மானத்தை வாசிக்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றி வந்துவிட்டது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த முறை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்போம், அப்புறம் கையெழுத்துப் போடுவோம்.

கிழக்குத் தெரு வாய்க்கால் அடைப்பு, நூலகத்தின் பூட்டிய கதவு, இரண்டுக்கும் மனு எழுதணும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க மறக்கக் கூடாது. எழுதத் தெரியாத பாட்டிமாருக்கு எழுதிக் கொடுக்க நாலு பேர் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் இதற்கு வரலாம்.

17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு இப்போதே படிவம் 6 கொடுத்து வைக்கலாம்.

செப்டம்பர் 30 மாலை 6 மணிக்கு ஆலமரத்தடியில் கூடுவோம். வருகிறவர்கள் இங்கேயே பேர் போடுங்கள்.