பூஜ்ஜியம் வராத போட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழித்தலில் எந்த முறை வேகமானது என்று சென்ற இதழில் வந்த ஒப்பீட்டைப் படித்தேன். கடன் வாங்கும் முறைக்கே முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள். சரி, ஆனால் எடுத்துக்கொண்ட கணக்குகளில் மேல் எண்ணில் ஒரு பூஜ்ஜியம்கூட இல்லையே! அந்த முறை தடுமாறுவதே அங்கேதான்.

5003-இலிருந்து 1847-ஐக் கழித்துப் பாருங்கள். ஒன்றாம் இடத்துக்குக் கடன் வேண்டும். பக்கத்து வீட்டில் பூஜ்ஜியம், அடுத்த வீட்டிலும் பூஜ்ஜியம். 5 வரை போய், அதை அடித்து 4 ஆக்கி, வழியில் இரண்டு 9 எழுதித் திரும்புவதற்குள் மேல் வரி முழுக்க அடித்தல் திருத்தல். அந்த 9-களில் ஒன்றை மறந்தே நான் பள்ளியில் நிறைய மதிப்பெண் இழந்திருக்கிறேன்.

இரண்டு எண்ணிலும் சமமாகக் கூட்டிக் கழிக்கும் முறையில் மேல் வரியில் அடித்தலே கிடையாது. மேலே ஓர் இடத்தில் 10 கூட்டினால், ஈடாகக் கீழ் எண்ணின் அடுத்த இடத்தில் 1 கூட்டினால் போதும். 13-இல் 7 போக 6. கீழே உள்ள 4 இப்போது 5. 10-இல் 5 போக 5. அடுத்து 8 இப்போது 9. 10-இல் 9 போக 1. கடைசியில் 1 இப்போது 2. 5-இல் 2 போக 3. விடை 3156. மனக்கணக்கு என்றால் நான் இதையும் விட்டுவிட்டுப் படியேறுவேன்: 1847-உடன் 3 சேர்த்தால் 1850, இன்னும் 50-க்கு 1900, 100-க்கு 2000, அப்புறம் ஒரே தாவலாக 3003 சேர்த்தால் 5003. சேர்த்ததையெல்லாம் கூட்டினால் அதே 3156. ஆனால் 86-இல் 23 கழிக்க இது வீண் வேலை.

கற்றுக்கொடுத்த விதத்தையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பிரௌனெலும் மோசரும் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து 1949-இல் வெளியிட்ட முடிவில், காரணத்தோடு புரியவைத்த வகுப்புகளில்தான் கடன் வாங்கும் முறை முந்தியது. வெறும் விதியாக ஒப்பித்த இடத்தில் அதற்கு அந்த முன்னிலை இல்லை.

வேகம் மட்டும் போதுமென்றால் என் மகளை யாரும் ஜெயிக்க முடியாது. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுவாள். 5003-இல் 1847 போக 4844! கடனும் இல்லை, கவலையும் இல்லை. (பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை 1978-இல் அலசிய பிரௌன், பர்ட்டன் ஆய்விலும் இந்தப் பிழை உண்டு. அவள் தனியாள் இல்லை.)

அடுத்த முறை பூஜ்ஜியம் நிறைந்த கணக்குகளாகக் கொடுங்கள். விடையையும் கீழ் எண்ணையும் கூட்டிச் சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்தே கடிகாரத்தை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்